தானே ஆறும் சுவர்

புண் ஆறுதல் உயிருக்குரிய இயல்பு. மரப்பட்டையில் வெட்டு விழுந்தால் சில மாதங்களில் அதன் ஓரங்கள் தடித்து மூடிக்கொள்கின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி, வெட்டுண்ட கொம்பிலிருந்தே அடுத்த கொழுந்தைத் தருகிறது. கவ்வாத்துக் கத்தி தவறிக் கிழித்த கையும் காலப்போக்கில் ஆறிவிடுகிறது. சுவர் அத்தகையதன்று. சுவரில் விழுந்த வெடிப்பு, மனிதக் கை வந்து அடைக்கும்வரை வெடிப்பாகவே கிடக்கும். மழையும் வேரும் உள்ளே புகுந்து அதனை மேலும் அகலமாக்கும். உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடுகளுள் இதுவும் ஒன்றென்று நாம் மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

இறம்பொடைப் பகுதியில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பரொருவர் அண்மையில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். பத்தாம் வகுப்பில் நுண்ணங்கிகளின் பயன்களை விளக்கிக்கொண்டிருந்தாராம். தயிர், அப்பமாவைப் புளிக்கவைக்கும் மதுவம், பென்சிலின் என்று வழக்கமாகச் சொல்வனவற்றைச் சொல்லி முடித்தபின், வகுப்பைச் சற்று வியக்க வைக்கலாம் என்று எண்ணி, வெடித்த கொங்கிறீற்றை அடைத்துவிடும் பற்றீரியாக்களும் இன்று உண்டு என்றார். பின்வாங்கில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், அதை எங்க லயத்துச் சுவத்துல விட்டா வெடிப்பு ஆறுமா?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நண்பர் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. "நீங்கள் எழுதுகிறவர்கள்தானே, நீங்களே பதில் எழுதுங்கள்" என்று பொறுப்பை நம்மிடம் தள்ளிவிட்டார்.

அந்த மாணவியின் கேள்வியை வேடிக்கையாகக் கொள்ளலாகாது என்பதே எமது கருத்து. அதற்கு விஞ்ஞானம் தரும் விடை ஒன்று உண்டு. அவ்விடையோடு கேள்வி முடிந்துவிடுவதுமில்லை.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். சீமெந்தின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாய் விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதாகும். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் மூடுண்ட சீமெந்துத் தொழிற்சாலை அக்கல்லையே அகழ்ந்து எரித்தது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் எரிக்கும்போது அதனுள் பன்னெடுங்காலம் அடங்கியிருந்த காபனீரொட்சைட்டு வளிமண்டலத்துக்குப் போகிறது. சூளைக்கு இடும் நிலக்கரியின் புகையும் அதனோடு சேர்கிறது. உலகம் இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி தொன் சீமெந்து செய்கிறது. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு இத்தொழில் ஒன்றினாலேயே எழுகிறதென்று கணக்கிட்டிருக்கின்றனர். கட்டியது வெடித்து, இடிந்து, மீண்டும் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் இக்கணக்குப் பெருகுகிறது. ஆகவே, கட்டியதை நீண்டகாலம் நிலைக்கச்செய்வது பூமிக்குச் செய்யும் நன்மை என்ற வாதம் வலுவானது. அதை மறுக்க நாம் முற்படவில்லை.

வெடிப்பை அடைக்க நுண்ணங்கிகளைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் முற்றிலும் புதியதன்று. அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்துச் சுரங்கவியற் கல்லூரியில் சூக்கி பாங், வி. இராமகிருஷ்ணன் முதலியோர் செய்த ஆராய்ச்சி 2001இல் வெளிவந்தது. அதன்பின் 2006ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யொங்கர்ஸ் என்னும் நுண்ணுயிரியலாளர் வேறொரு வழியைக் கண்டார். கொங்கிறீற்றின் உட்புறம் கடுங்காரத்தன்மை உடையது. பெரும்பாலான உயிர்கள் அங்கு பிழைக்கா. ஆயின் சோடா ஏரிகளில் வாழும் சில பசிலசு இனங்களுக்குக் காரம் பழகிய சூழல். அவை வித்திகளாகச் சுருங்கி, உணவும் நீருமின்றிப் பல்லாண்டுகள் உறங்க வல்லவை. அவ்வித்திகளையும் அவற்றின் உணவாகிய கல்சியம் இலத்தேற்றையும் சேர்த்துக் கொங்கிறீற்றில் கலந்துவிடுகிறார்கள். சுவர் முழுமையாக இருக்கும்வரை அவை உறங்குகின்றன. வெடிப்பு விழுந்து அதன்வழி நீர் கசிந்தவுடன் விழித்தெழுந்து, இலத்தேற்றை உண்டு, ஒட்சிசனைச் செலவிட்டுக் கல்சியம் காபனேற்றை வெளிவிடுகின்றன. கல்சியம் காபனேற்று என்பது வேறொன்றுமன்று, சுண்ணாம்புக்கல்லே. சூளையில் எரித்து நாம் அழித்த கல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர் வெடிப்பினுள் இருந்து மீண்டும் கட்டுகிறது! ஒட்சிசன் குறைவதால் உள்ளே கிடக்கும் உருக்குக் கம்பி துருப்பிடிப்பதும் தணிகிறது. சில வாரங்களில் 0.8 மில்லிமீற்றர் வரையான வெடிப்புகள் அடைபட்டுவிடுகின்றன.

குறைகளும் உண்டு; அவற்றையும் சொல்லிவிடுவோம். வித்திகளை நேராகக் கலந்தால், சீமெந்து இறுக இறுக அவற்றின் இடம் நெருங்கிச் சில மாதங்களிலேயே மடிந்துபோகின்றன. அதனால் சுட்ட களிமண் உருண்டைகளின் துளைகளில் அவற்றைப் பொதிந்து கலக்க வேண்டியதாயிற்று. அவ்வுருண்டைகள் மிகுந்தால் கொங்கிறீற்றின் வலிமை குறைகிறது. வேறுசில பற்றீரியாக்கள் யூரியாவை உண்டு இதே வேலையைச் செய்கின்றன. அவை அமோனியாவையும் வெளிவிடுகின்றன. விலையும் சாதாரணக் கொங்கிறீற்றின் விலையன்று.

நம் முன்னோர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்கும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆயினும், கடுக்காய் நீரும் பனைவெல்லமும் கூட்டிக் குழைத்த சுண்ணாம்புச் சாந்து, மழைநீரிற் சற்றே கரைந்து நுண்ணிய வெடிப்புகளில் மறுபடியும் படிந்து, அவற்றை ஓரளவு தானாகவே அடைத்துக்கொண்டது என்பது உண்மை. உரோமானியரின் பழைய கொங்கிறீற்றில் வெண்ணிறக் கட்டிகளாய்க் காணப்பட்ட சுண்ணாம்பே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று 2023இல் மசாச்சூசெற்ஸ் ஆய்வாளர் விளக்கினர். ஆக, ஆறும் சுவர் என்பது மனிதகுலத்தின் பழைய கனவுகளுள் ஒன்று.

இப்போது மாணவியின் லயத்துக்கு வருவோம். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியே நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடையைக் கடக்காத சுற்றுலாப் பயணி இல்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்க்க வாகனங்கள் நிற்கின்றன. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதையும் கீழே கொத்மலை நீர்த்தேக்கமும் படமெடுப்போரைக் கவர்கின்றன. தேயிலைப் பசுமையின் நடுவே நீண்ட தகரக் கூரைகள் வரிசையாகத் தெரியும். படத்தில் அவையும் அழகாகவே விழும். புசல்லாவைப் பக்கத்தில் 1840களிலேயே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. பயிர் மாறியது, துரை மாறினார், பின்னர் ஆட்சியும் மாறியது. லயம் மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. அங்கே பின்சுவரில் சன்னல் வைக்கவும் வழியில்லை. சுவரோ கருங்கல்லும் களிமண்ணும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. காலந்தோறும் மேலே பூசிய சீமெந்து உரிந்து தொங்கும்.

ஆகவே விஞ்ஞானம் தரும் விடை இலகுவானது. ஆறாது. இலத்தேற்றும் வித்தியும் கலந்து வார்த்த கொங்கிறீற்று வேறு. களிமண்ணில் அடுக்கிய கல் வேறு. 0.8 மில்லிமீற்றர் எங்கே, விரல் நுழையும் வெடிப்பு எங்கே! வெடிப்புக்குப் பசை தேய்ப்பதால் அடித்தளம் இறங்குவது நிற்காது. இந்த விடையை வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவி "சரி சேர்" என்று உட்கார்ந்திருப்பாள்.

எம்மை உறுத்துவது வேறொன்று. ஒருவேளை ஆறும் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கே ஒருவர், கல்லுச் சுவரிலும் தெளிக்கத்தக்க மலிவான நுண்ணங்கிக் கரைசலைக் கண்டுபிடித்துவிட்டார்; அதைத் தெளித்தால் இறம்பொடை லயங்கள் இன்னும் இருநூறு ஆண்டுகள் வெடிப்பின்றி நிற்கும். அதை நாம் வரவேற்போமா?

வரவேற்கத் தயங்குகிறோம். அத்தயக்கத்தின் காரணம் என்ன என்று எம்மையே கேட்டுப்பார்த்தபோதுதான் இக்கட்டுரை பிறந்தது. ஒழுகாத சுவர் ஒழுகும் சுவரிலும் மேலானது, இதில் ஐயமில்லை. இருமும் குழந்தையை வைத்துக்கொண்டு ஆனி மாத மழையில் ஈரச் சுவரோரம் படுத்திருக்கும் தாய்க்கு எமது தயக்கம் எவ்வாறு தோன்றும் என்பதையும் நாம் எண்ணாமலில்லை. எனினும், ஒரு பொருள் நிலைத்திருப்பது எப்போதும் நன்மையா என்ற கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. நிலைபேறான அபிவிருத்தி, நிலைபேறான கட்டடம் என்னும் சொற்கள் இன்று எல்லார் வாயிலும் வருகின்றன. காபன் கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், இலங்கைத் தீவில் மிகவும் நிலைபேறான கட்டடம் எது தெரியுமா? தோட்டத்து லயமே! அருகிலிருந்த கல், அருகிலிருந்த மண், மிகச் சிறிதளவு சீமெந்து. நூறு ஆண்டுக்கு மேல் பாவனை. ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை. மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகிறது. பரிசு வழங்கும் சபையொன்று இக்கணக்கோடு வந்தால், லயத்துக்கே பதக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அளவுகோல் பொய் சொல்லவில்லை. அது கேட்காத ஒரு கேள்வி உண்டு: எது நிலைக்கிறது, யாருக்காக நிலைக்கிறது?

லயம் நிலைத்தது அதன் சுவரின் வலிமையால் அன்று. அதில் வாழ்ந்தோருக்குப் போக்கிடம் இல்லாதிருந்ததால் நிலைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது பிரசாவுரிமையைப் பறித்தது. 1964இல் இரு பிரதமர்கள் உடன்படிக்கை செய்து, அவர்களை எண்ணிப் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை முடிவாக வழங்கப்பட 2003 வரை செல்லவேண்டியிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டதன் பொருத்தத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலே காம்பரா என்னும் நியதி நெடுங்காலம் நிலவியது. காம்பரா கூலியின் ஒரு பகுதியாயிருந்தது, குடியிருப்போர்க்கு உரியதாயிருக்கவில்லை.

இதனால் செப்பனிடும் கடமை யாருடையது என்பதே தெளிவற்றுப் போயிற்று. 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். சுவர் வெடித்தால் தொழிலாளி தோட்டக் கந்தோரைக் கேட்கிறார்; கந்தோர் கம்பனியைக் காட்டும்; கம்பனி அரசைக் காட்டும். தாமே கல் வைத்துக் கட்டலாமெனில், தமதல்லாத சுவரில் கைவைக்க அனுமதி வேண்டும். குத்தகைக்காரர் குத்தகை முடியும் ஆண்டுக்கு அப்பால் எதையும் பார்ப்பதில்லை. இது அவரது குணக்கேடு என்று சொல்லிவிடுவது எளிது. அவரை அங்ஙனம் பார்க்கவைப்பது குத்தகையே.

இங்கேதான் 'தானே ஆறும்' என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்குகிறோம். ஆங்கிலத்திலும் அவ்வாறே சொல்கிறார்கள். தமிழிலும் அதையே எழுதுகிறோம். உண்மையில் சுவர் தானே ஆறவில்லை. வித்தி விழிக்கிறது, உண்கிறது, கல்லை வெளிவிடுகிறது, தான் அடைத்த வெடிப்புக்குள்ளேயே அடைபட்டுப்போகிறது. வேலை செய்பவரை மறைத்துவிட்டுப் பொருளுக்கே செயலை ஏற்றிச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தோட்டம் நடக்கிறது என்கிறோம். கொழுந்து வருகிறது என்கிறோம். ஏற்றுமதி உயர்ந்தது என்று பத்திரிகை எழுதுகிறது. கொழுந்து தானே வந்து கூடையில் விழுவதில்லை என்பதை, காலைப் பிரட்டுக்கு நின்றவர் அறிவார். பற்றீரியாவுக்காக நாம் கண்ணீர் விடச் சொல்லவில்லை. அதற்கு வலியுமில்லை, பிள்ளைகளுமில்லை. இந்த ஒப்புமையை அதற்கு மேல் இழுத்தால் அது கேலியாகிவிடும். சொல் எதை மறைக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம். சம்பளம் கேட்காத, உணவுக்கும் இடத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட, தேவைப்படும்போது மட்டும் விழிக்கும் வேலையாள் ஒருவர் இருந்தால் எவ்வளவு நல்லது என்ற ஆசை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததன்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடத்திவந்த காலத்திலேயே அந்த ஆசை இருந்தது.

செப்பனிடுதல் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் கூறும் கருத்து ஈண்டு நினைவுக்கு வருகிறது. நேற்றைய உழைப்பால் உருவான எப்பொருளும், இன்றைய உழைப்பு அதனைத் தொடாவிட்டால் இயற்கையின் கையிற் கெட்டுப்போகும் என்பது அவரது விளக்கத்தின் சாரம். அதாவது, ஒரு சுவர் நிற்கிறதெனில் யாரோ அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கவனிப்பு என்பது ஒரு உறவு. வீட்டுக்காரர் தம் வீட்டின் வெடிப்பில் சாந்து பூசும்போது, இது என் வீடு, நாளையும் இங்கு இருப்பேன், என் பிள்ளையும் இருக்கும் என்று சொல்லாமற் சொல்கிறார். அந்தச் சொல்லை நூறாண்டாகச் சொல்ல விடாமல் வைத்திருந்த மக்களிடம், இனிக் கவனிக்கவே வேண்டியதில்லை, சுவர் பார்த்துக்கொள்ளும் என்று கூறுவதில் ஏதோ ஒரு கொடுமை இருக்கிறது. கடமையிலிருந்து விடுதலை கிடைப்பது தோட்டத்துக்கும் கம்பனிக்கும் அரசுக்குமே, குடியிருப்பவருக்கன்று.

வெடிப்பு சாட்சியும் ஆகும். இதைக் கவிதையாகச் சொல்லவில்லை. மலைநாட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி. மண்சரிவு அபாயத்துக்கான அடையாளங்களாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு எடுத்துச் சொல்வனவற்றுள், நிலத்திலும் சுவரிலும் தரையிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன முக்கியமானவை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று அந்நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய மண்ணின்மேல், வெடிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் அடைக்கும் சுவர் ஒன்று நின்றால், மயிரிழை வெடிப்பாகத் தொடங்கும் முதற் செய்தியை அது விழுங்கிவிடக்கூடும். பெரிய அசைவை எந்தப் பற்றீரியாவாலும் மறைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால், சுவர் நன்றாய்த்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும் அதிகாரிக்கு அந்த முதற் சில மாதங்களே போதுமானவை.

இவ்வளவும் படித்த மாணவத் தோழரொருவர், "அப்படியானால் நீங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரா?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டும். நாம் எதிரல்லர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2020இல், நிலவின் மண்ணை ஒத்த தூளையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் ஒரு பற்றீரியாவையும் கொண்டு செங்கல் செய்து காட்டினர். பின்னர் 2025இல், வெடித்த அத்தகைய கல்லைப் பற்றீரியாவாலேயே ஒட்டவும் செய்தனர். நிலவிற் கட்டுவதற்குக் கல் செய்கிறார்கள், லயத்துக்குக் கல் இல்லையே என்று புலம்புவது மலிவான வாதம். அதை நாம் எழுதப்போவதில்லை. நிலவுக்கான கல்லை ஆராய்வதால் லயத்துக்கு வரவேண்டிய கல் குறையவில்லை. லயத்துக்குக் கல் வராமைக்குக் காரணம் ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை.

இந்த நுண்ணங்கிக் கொங்கிறீற்றுக்கு உரிய இடங்களும் மலைநாட்டில் உண்டு. இறம்பொடையிலிருந்து பார்த்தால் தெரியும் கொத்மலை நீர்த்தேக்கத்தின் அணை 1985இல் நிறைவுற்றது. பாறைகளைக் குவித்து, நீர்ப்பக்கத்தில் கொங்கிறீற்றுப் போர்வை இட்டது. உயரம் 87 மீற்றர். தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். நீருக்கடியிலும் மலைக்குள்ளும் மனிதக் கை எளிதில் எட்டாத இத்தகைய இடங்களில், எட்டினாலும் வேலையாளின் உயிருக்கு ஆபத்தான இடங்களில், தானே அடைத்துக்கொள்ளும் கொங்கிறீற்று பெரும் நன்மை செய்யும். பாதையோரத் தடுப்புச் சுவர், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கும் அது பயன்படலாம். அணைக்கட்டின் கசிவை அளக்கப் பொறியியலாளர் இருக்கிறார்கள்; பதிவேடு இருக்கிறது; ஆறும் வெடிப்பையும் ஆறாத வெடிப்பையும் அவர்கள் வேறுபடுத்தி அறிவார்கள். அங்கே பற்றீரியா மனிதக் கவனிப்புக்குத் துணையாகிறது. லயத்தில் அது கவனிப்புக்குப் பதிலாகிவிடும். பொருள் ஒன்றே, நிற்கும் இடத்தின் உறவுகள் வேறு.

இதனோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பூமி வெப்பமாகிறது, சீமெந்தைக் குறையுங்கள் என்ற அறிவுரை சரியானதே. அதை முதலில் யாரிடம் சொல்வது? தோட்டப் பகுதிகளில் இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் என்று திட்டமிட்டனர். ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு. குடும்பங்களின் தொகையை நோக்க அது எவ்வளவு சிறிது என்பது தோட்டத்தில் பிறந்தோர்க்குத் தெரியும். அவ்வீடுகளுக்குச் சீமெந்து வேண்டும். அச்சீமெந்து புகை விடும். ஒன்றரை நூற்றாண்டாகக் களிமண்ணிற் குடியிருந்தவர்கள் தம் முதல் மூடைச் சீமெந்தை வாங்கும் வேளையில், அவர்களுக்குச் சிக்கனம் போதிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றே நாம் கருதுகிறோம். கொழும்பில் வெறுமையாகக் கிடக்கும் மாடிகளிடம் அந்த அறிவுரை முதலிற் செல்லட்டும்.

நண்பரிடம் நாம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?" என்றார். நியாயமான கேள்விதான். சென்ற மாதம் அவரோடு அந்த மாணவியின் லயத்துக்குப் போனோம். காம்பரா வாசலில் அவளது அம்மாயி, தகரத் தட்டில் சீமெந்தையும் அடுப்புச் சாம்பலையும் குழைத்து வைத்துக்கொண்டு, பழைய கரண்டியொன்றால் வெடிப்பில் அப்பிக்கொண்டிருந்தார். கந்தோரில் அறிவித்தாயிற்றா என்று கேட்டோம். "சொல்லாம இருப்பமா சேர்? எழுதிக்கிட்டாங்க" என்றார். நாம் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மறுபடி வேலையில் ஆழ்ந்துவிட்டார்.

மாணவி நம்மைக் காம்பராவுக்குள் அழைத்துச் சென்றாள். உட்சுவரில் ஒரு வெடிப்புக்கு மட்டும் சாந்து பூச வேண்டாமென்று அம்மாயியிடம் சொல்லி வைத்திருந்தாளாம். அது கூரைத் தீராந்திக்குக் கீழே தொடங்கிச் சாய்வாக இறங்கியது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் ஒரு திகதி. சற்றுக் கீழே இன்னொரு கோடு, இன்னொரு திகதி. வகுப்பில் கேள்வி கேட்ட வாரத்தில் தொடங்கினாளாம். நண்பர் தம் சட்டைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, கடைசிக் கோட்டிலிருந்து வெடிப்பின் நுனி வரை அளந்தார். ஒன்பது மில்லிமீற்றர். அவள் கொப்பியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். கந்தோருக்கும் கிராம சேவகருக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதவேண்டிய கடிதத்தை யார் எழுதுவது, மூன்று பிரதிகளா நான்கா என்பதைப் பற்றி அதன்பின் பேசத் தொடங்கினோம்.